முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர்

...கூப்பிட்டிருக்கலாம், அதற்கென்ன பெரிய பாடு, "என்னங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்குள் அவர் படியின் வளைவில் திரும்பிவிட்டார், நீலச் சட்டை, அதன் முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவே மஞ்சள் ஸ்டிக்கர், அவள் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர், வீட்டில் வேண்டாத சாமானுக்கென்று ஒட்டுவது, அது புருஷன் முதுகில் ஏறிக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போகிறது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். முன்னெல்லாம் என்றால் படியிலேயே உட்கார்ந்து சிரித்திருப்பாள், அவரும் திரும்பி நின்று "என்னடி, எதுக்குச் சிரிக்கிற" என்று கேட்டுக் கேட்டு, காரணம் தெரியாமலேயே தானும் சிரித்திருப்பார். இப்போது கதவுப் பிடியில் கை, வாயில் ஈ போனால்கூடத் தெரியாத மாதிரி ஒரு நிற்பு. இறங்குகிற செருப்புச் சத்தம் கீழே குறைந்துகொண்டே போனது, இந்த மனிதர் லிஃப்ட் மெக்கானிக், ஊரில் உள்ள உயரமான கட்டிடத்தையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடி, அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள். அந்தக் கேலிகூட எப்போது நின்றது என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

நாளைக்கு அவர் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விஷயம், ஸ்டிக்கர் எல்லாம் அதற்கு மேல் ஒட்டியதுதான். வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி எழும்புகிறது, அங்கே லிஃப்டெல்லாம் இவர்கள் கம்பெனிதான், ஆள் கேட்கிறார்கள், இரண்டு வருஷம், தங்க ஒற்றை அறை தருவார்கள், குடும்பத்தோடு வர முடியாது. செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், தட்டைப் பார்த்துத்தான் சொன்னார், "போலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்" என்று. அவள் என்ன சொன்னாள்? "உங்க இஷ்டம்." சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள், சொம்பு நிறைய தண்ணீர் மேசை மேலேயே இருந்தது, அது அவருக்கும் தெரியும். உங்க இஷ்டம்... இந்த இரண்டு வார்த்தைக்குள் எத்தனை இருக்கிறது, போ என்றும் வைத்துக்கொள்ளலாம், போகவில்லை என்று நீயாகச் சொல்ல மாட்டாயா என்றும் வைத்துக்கொள்ளலாம், எதற்கும் நான் பொறுப்பில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் எதை எடுத்துக்கொண்டார்? கேட்டால்தானே தெரியும். அதன் பிறகு எரிவாயு தீரப்போகிறது என்று ஒருநாள் பேசினார்கள், குழாய் சொட்டுகிறது என்று ஒருநாள். பெரிய சண்டை ஒன்றும் கிடையாது, இருந்திருந்தால்கூடத் தேவலை, சண்டைக்கு ஒரு முடிவாவது இருக்கும்.

பையை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, எது நின்றாலும் இது நிற்காது. மருந்துக் கிடங்கில் அவள் சூப்பர்வைசர், அலமாரியில் அசையாமல் கிடக்கிற சரக்கைக் கண்டால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை, எந்தப் பிரிவுக்கு அது வேண்டுமோ அவர்கள் வந்து ஸ்டிக்கரைப் பிய்த்துவிடுவார்கள், யாரும் பிய்க்காவிட்டால் மாதக் கடைசியில் சரக்கு வெளியே. நல்ல ஏற்பாடு, யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், கத்த வேண்டாம். மகள் வெளியூரில் படிக்கப் போனபோது வீட்டைப் பார்த்தால் இரண்டு பேருக்குப் பத்துப் பேர் சாமான், கட்டிலுக்கடியில், பரண்மேல், கதவுக்குப் பின்னால், மூச்சு முட்டியது, ஒரு கட்டு ஸ்டிக்கரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வியாழக்கிழமை ஒட்டுவது, வேண்டும் என்றால் பிய்த்துவிடலாம், ஏன் என்று கேள்வி கிடையாது, பிய்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பைக்குள், தெருமுனைப் பழைய சாமான் கடைக்கு. மகள் போனில் கேட்டுவிட்டுச் சொன்னாள், "அம்மா, வீட்டையே கொடவுனாக்கிட்டியா, நான் லீவுக்கு வர்றதுக்குள்ள என் கட்டில்ல ஒட்டிடாத." அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, மௌனம் சம்மதம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் கல்யாணமே ஆகாதவனாக இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், ஒற்றைக் காலுறைகள், எந்த ரேடியோவுக்கோ எந்தக் காலத்திலோ வாங்கிய ஒயர், ஒவ்வொரு பையும் கீழே போகும்போது நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது, தரையைக் கூட்டினால் துடைப்பம் எதிலும் இடிக்காமல் சுவர் வரை போனது. அப்படியே நிறுத்தியிருக்க வேண்டும். குப்பை தீர்ந்த பிறகும் வியாழக்கிழமை வந்துகொண்டே இருந்தது, கை சும்மா இருக்குமா, அப்போதுதான் ஒருநாள் அவருடைய பட்டன் டப்பா. பழைய லிஃப்டைக் கழற்றும்போது அவர் எடுத்துவந்த எண் பட்டன்கள், பித்தளையில் ஒன்று, வெள்ளைப் பீங்கானில் ஒன்று, ஏழு என்று எழுதினது தேய்ந்து ஒன்று போலத் தெரிகிற இன்னொன்று, யாரோ எத்தனை பேர் விரல் வைத்து அழுத்தி வீட்டுக்குப் போனார்களோ என்று கையில் வைத்துப் பார்ப்பார், அதைப் பார்க்கிறபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பையன் வருவான். அதில் ஒட்டினாள். ஏன் ஒட்டினாள்? இடத்தை அடைக்கிறது என்றா, ஒரு டப்பா என்ன இடத்தை அடைத்துவிடும்... சத்தியமாகச் சொன்னால் அவர் ஓடிவந்து பிய்க்க வேண்டும் என்றுதான். "இதுல போய் ஒட்டுவியா நீ" என்று ஒரு கோபம், ஒரு வார்த்தை, அது போதும் என்று. வெள்ளி, சனி, அந்த டப்பாவைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை பையைத் தானே தூக்கிக்கொண்டு படி இறங்கினார், உள்ளே பட்டன்கள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே போயின, அவள் சமையலறையில் நின்று மூன்று மாடியும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அடுத்த வியாழக்கிழமை அவருடைய மவுத் ஆர்கன், அதற்கடுத்து அவரே ஒயர் மாற்றிக் கட்டிய மேசை விசிறி, அவர் ஒன்றைக்கூடப் பிய்க்கவில்லை, பிய்க்கிற வரை விடுவதில்லை என்று இவளும், விட்டுப் பிடிக்கலாம் என்று பார்த்தால் விட்டது மட்டும்தான் நடந்தது.

குனிந்து பைக்குள் போட்டாள், மடக்குக் குடை, மூக்கு உடைந்த கெட்டில், இரண்டு தலையணை உறை, முழங்கால் ஒரு பழைய கதவு மாதிரிச் சத்தம் போட்டது, இந்த முழங்காலுக்கும் ஒன்று ஒட்டினால் தேவலை, யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அவருடைய அலமாரிப் பக்கம் போனாள். அவளுடையது நெருக்கித் தொங்கியது, அவருடையதில் சட்டைகள் தள்ளித் தள்ளி, தட்டில் ஒரு சீப்பு, ஒரு டார்ச், கீழே ஒரு ஜோடி ஷூ. இவ்வளவுதானா? எப்போது இவ்வளவு குறைந்தது? ஓர் ஒற்றை அறைக்குப் போகிற மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், ஒரு பெட்டி போதும், அந்தப் பெட்டியைக்கூட அவர் கட்ட வேண்டியதில்லை, வாரா வாரம் இவளே பாதி காலி செய்து கொடுத்திருக்கிறாள்... இல்லை, அப்படி நினைத்துச் செய்யவில்லை, எந்த எண்ணத்தில் செய்தால் என்ன, செய்தது செய்ததுதானே. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். களைப்பு என்றால் ஓடியாடிய களைப்பு இல்லை இது, ஒன்றை எதிர்பார்த்து எதிர்பார்த்து நிற்கிற களைப்பு, வராத பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டதே என்பதற்காகவே மேலும் நிற்பது.

அழைப்பு மணி. எதிர்வீட்டு அக்கா, பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர், தொண்டையை வேலை நாளில் பிள்ளைகளுக்கும் விடுமுறையில் அக்கம்பக்கத்துக்கும் செலவழிப்பவள், இவள் புருஷன் ஒரு காலத்தில் அக்காவுக்குக் கேமரா என்று பெயர் வைத்திருந்தார், இருபத்துநாலு மணி நேரமும் ரெக்கார்டிங் என்பார். வந்ததும் பையைத்தான் பார்த்தாள், குடையை எடுத்து விரித்தாள், "நல்லாத்தானே இருக்கு, இதப் போய்ப் போடுறியே, நான் எடுத்துக்கவா?" எடுத்துக்கோங்க அக்கா. "கெட்டில் வேணாம், எங்க வீட்லயே மூக்கு உடைஞ்சது ஒருத்தர் இருக்கார்." அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் தாழ்த்தினாலும் முதல் மாடி வரை கேட்கும், "ஆமா, கேக்கணும்னுதான் வந்தேன், உன் வீட்டுக்காரர் போறாரு, முதுகுல மஞ்சளா உன் ஸ்டிக்கர். என்ன, அவரையும் அனுப்பிடுறதா முடிவு பண்ணிட்டியா?" அக்காவுக்கு அது வேடிக்கை, கட்டிடத்தில் எல்லோருக்கும் இந்த ஸ்டிக்கர் வேடிக்கை, இவளும் சிரித்துத்தான் வைத்தாள், "நாற்காலியிலேருந்து ஒட்டிக்கிட்டிருக்கும்கா." "அதான பாத்தேன். நான் கூப்பிட்டுச் சொல்லலாம்னு வாயெடுத்தேன், அவரு மொகத்தப் பாத்தா சொல்லத் தோணல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" இல்லக்கா, நல்லாத்தான் இருக்கார். அக்கா குடையோடு போனாள். சொல்லத் தோணாத முகம்... என்ன முகம் அது? அவர் படியிறங்கும்போது இவள் பார்த்தது முதுகைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை, காலையிலிருந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது, டம்ளர் நீட்டிய கையைப் பார்த்தாள், செருப்பு மாட்டிய காலைப் பார்த்தாள்.

நாற்காலி. சொன்ன பிறகுதான் யோசனை வந்தது, உண்மையிலேயே நாற்காலிதானா? டிவிக்கு எதிரே அவர் உட்காருகிற நாற்காலி, ஒரு கால் கோணல், இந்த வாரம் அதற்குத்தான் ஒட்டியதாக நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தாள், அதன் முதுகில் ஸ்டிக்கர் இல்லை. அப்படியென்றால் அதிலிருந்துதான் சட்டைக்குத் தாவியிருக்கிறது, கிடங்கில்கூட அப்படி ஆகும், ஒருமுறை மானேஜரின் கோட்டில் ஒட்டிக்கொண்டு கேண்டீன் வரை போய்விட்டது, நாள் பூராவும் அவரைப் பார்த்து எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்படித்தான் இருக்கும். ஆனால் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் கசங்கி ஓரம் மடங்கித்தானே இருக்கும், இது நேராக, நான்கு மூலையும் படிந்து, விரலால் தேய்த்து ஒட்டினது மாதிரி அல்லவா இருந்தது... அவரே ஒட்டிக்கொண்டாரா? சட்டையை மேசையில் விரித்து, நடுவில் ஒட்டி, அழுத்தி, பிறகு போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நடந்து... அப்படிப்பட்ட மனிதரா அவர், இல்லை, ஜாடை பேசத் தெரியாதவர், இருந்தாலும் பேசுகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டால் ஜாடைதானே மிஞ்சும். அப்படி அவர் சொன்னது என்றால் என்ன சொன்னார்? நான் கிளம்புகிறேன் என்றா? என்னை வெளியே வைத்துவிட்டாய் என்றா? போகட்டுமா என்று கேட்டாரா? நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், கோணல் கால் டக்கென்று ஆடியது, இத்தனை வருஷமும் இந்த ஆட்டத்திலா உட்கார்ந்திருந்தார், ஒருநாள்கூடச் சொல்லவில்லையே.

போய்விட்டால் என்ன? கேட்டுத்தான் பார்ப்போம். வீடு சுத்தமாக இருக்கும். ஒருத்திக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், டிவி சத்தம் இல்லை, பாத்ரூம் தரையில் தண்ணீர் இல்லை, வியாழக்கிழமை ஒட்ட ஒன்றும் இருக்காது. நினைத்துப் பார்க்க நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை. போகக் கூடாது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, அவர் போகக் கூடாது. இதைச் சொல்ல எத்தனை நாள் இருந்தது, செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம், சொம்பில் தண்ணீர் இருந்தபடியே உட்கார்ந்து, "வேணாங்க, போகாதீங்க" என்று. இப்போது வரட்டும், வந்ததும் சொல்லிவிட வேண்டும், செருப்பைக் கழற்றுவதற்குள், இல்லை, தண்ணீர் குடித்த பிறகு, இல்லை, முதலில் முதுகிலிருப்பதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும், தட்டிவிடுகிற மாதிரி, முடி ஒட்டியிருக்கிறது என்று சொல்லி... முடிவெட்டின அன்று முடி ஒட்டியிருக்காதா, யாரும் சந்தேகப்பட முடியாது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள், எதற்கு என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. காதோரம் வெளுத்துத் தெரிய, முடிவெட்டின தலையோடு உள்ளே வந்து குனிந்து செருப்பைக் கழற்றினார், அவள் நெருங்கிப் போனாள், முதுகைப் பார்த்தாள். சட்டை நீலம், வெறும் நீலம். தூக்கிய கை அப்படியே நின்றது.

"இங்க ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு" என்றாள், முடியைப் பற்றிச் சொல்ல வந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுதான் வெளிய போனீங்களா?"

"நீதானே ஒட்டின."

கோபமில்லை, பால் வந்ததா என்று கேட்கிற குரல். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், நானா, நான் எதற்கு ஒட்டப் போகிறேன், எனக்கென்ன பைத்தியமா... வாய் திறந்தபடியே நின்றது, வியாழக்கிழமை மாலை கிடங்கிலிருந்து வந்த கையோடு ஸ்டிக்கர் கட்டை எடுத்தாள், தூக்கம் கண்ணைச் சுழற்றியது, டிவி ஓடிக்கொண்டிருந்தது, இந்த நாற்காலியில் இதே சட்டையோடு அவர் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், அவள் பின்னால் வந்தாள், ஒட்டினாள், கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தாள், கிடங்கில் நாள் முழுக்கத் தேய்க்கிற தேய்ப்பு, மரம் மாதிரி இருந்ததா, துணி மாதிரி இருந்ததா? இருபது வருஷமாக அவர் முதுகு எப்படியிருக்கும் என்று கைக்குத் தெரியாதா? கைக்குத் தெரிந்திருந்தால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"பிச்சுப் போட்டிருக்கலாமே" என்றாள் கடைசியில்.

"சட்டைய ஆணியில அப்படியேதான் மாட்டி வச்சேன், நீ போற வர்ற பக்கம். நீ பிய்ப்பேன்னு பாத்தேன்." சொல்லிவிட்டுச் சட்டைக் காலரில் ஒட்டிய முடிகளைத் தட்டிக்கொண்டார். "காலையில படி எறங்கும்போதும் பாத்தேன்."

அப்படியானால் இவள் வாசலில் நின்றது அவருக்குத் தெரியும். கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றதும், கூப்பிடாததும். நாளைக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வார், போகாதீர்கள் என்று இப்போது சொன்னால் அது ஸ்டிக்கருக்காகச் சொன்னதாகத்தானே ஆகும்... அவர் வழக்கம் போலக் குனிந்து பையின் காதைப் பிடித்தார், "இன்னைக்கு ஒண்ணுதானா?" என்றார்.

"அது இருக்கட்டும். எங்க போச்சு அது?"

"எது?"

"ஸ்டிக்கர்."

"தெரியல. கடையில துணி போத்தும்போது விழுந்திருக்கும், இல்ல தெருவுல. அதத் தேடி என்ன பண்ணப் போற?"

அவள் செருப்பைத் தேடாமலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், எதிர்வீட்டுக் கதவு ஓர் அங்குலம் திறந்து மூடிக்கொண்டது, இருக்கட்டும், பார்க்கட்டும். படி படியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கினாள், ஒரு பஸ் டிக்கெட், ஒரு காய்ந்த இலை, சுவரோரம் யாரோ துப்பிய சூயிங்கம், மேலே அவர் வாசலுக்கு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது, உள்ளே போகவில்லை. இந்தப் படியில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. கிடைத்தால் அவர் முதுகில் திரும்ப ஒட்டி, அவர் பார்க்கப் பார்க்கப் பிய்க்க வேண்டுமா, என்ன கூத்து இது... நிமிர்ந்து மேலே பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரிந்தது, அவர் அங்கேதான் நிற்கிறார், கேட்கிற தூரம்தான், இருந்தும் அவள் அடுத்த படிக்குக் குனிந்தாள்.